திண்ணைகளின் கணக்கு

இருபது ஆண்டுகளாக நின்றபடியே பாடம் நடத்தி வந்த நமக்கு, சென்ற ஆண்டு நிற்பதே இயலாமற்போயிற்று. இடுப்பில் தொடங்கிய வலி, இடக்கால் வழியே பெருவிரல்வரை மின்னலாய் இறங்கியது. எம்.ஆர்.ஐ. படத்தில், நான்காம் ஐந்தாம் இடுப்பு முள்ளெலும்புகளுக்கு நடுவே டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்துவது தெரிந்தது. 'முதுகில் கத்தி வைத்தால் படுக்கைதான்' என்றார் உறவினர் ஒருவர். 'ஒரே ஊசியில் எழுந்து ஓடலாம்' என்றார் மற்றொருவர்.

இரண்டையும் நம்பாமல் வலிச் சிகிச்சை மருத்துவர் ஒருவரிடம் சென்றோம். மயக்கவியல் பயின்று, பின்னர் இதில் தனிப்பயிற்சி பெற்றவர். இத்துறை நேற்று முளைத்ததன்று. 1901இல் பாரிசில் சிக்கார், கத்லாங் என்னும் இருவர் தனித்தனியே, முதுகின் அடிப்பகுதி வழியாகத் தண்டுவட உறைக்கு வெளியே மருந்து செலுத்தும் முறையை வெளியிட்டனர். மல்யுத்த வீரராகவும் விளங்கிய ஜான் பொனிக்கா என்னும் மயக்க மருத்துவர், 1953இல் வலி குறித்துப் பெருநூல் எழுதினார். வலியை நோயின் நிழலாக மட்டும் காணாமல், அதனையே ஆராய வேண்டிய பொருளாக்கியவர்களுள் அவர் முதன்மையானவர்.

நம் மருத்துவர் படத்தை உடனே பார்க்கவில்லை, வினவத் தொடங்கினார். சிறுநீரை அடக்க முடிகிறதா? உட்காருமிடம் மரத்திருக்கிறதா? பாதத்தைத் தூக்க முடிகிறதா? "இவற்றில் கோளாறு இருந்தால் ஊசியைத் தொடமாட்டேன், உடனே அறுவை மருத்துவரிடம் அனுப்பிவிடுவேன்" என்றார். பின்னர், "குனிந்தால் வலி கூடுகிறதா, குறைகிறதா?" என்றார். கூடுகிறது என்றோம். "முதியவர்கள் பலருக்கு நேர்மாறு. தண்டுவடக் குழாய் சுருங்கியிருந்தால், கொஞ்சம் நடந்ததும் கால் கனக்கும், உட்கார்ந்தால் விட்டுவிடும். வயதாகிவிட்டது என்று வீட்டில் யாரும் கேட்பதில்லை."

ஊசியைப் பற்றியும் அவர் மிகையாகச் சொல்லவில்லை. அது டிஸ்க்கை உள்ளே தள்ளாது. நரம்பைச் சூழ்ந்த அழற்சியைத் தணிக்கும். பலருக்குப் பிதுக்கம் சில மாதங்களில் தானே சுருங்கும். அதுவரை நடமாட உதவும். சிலருக்குப் பயன்படாமலும் போகலாம். எக்ஸ்ரே திரையைப் பார்த்தபடி மெல்லிய ஊசியைச் செலுத்தினார். அன்றே வீடு திரும்பினோம். பத்து நாளில் வலி பாதியாயிற்று.

ஆனால் அவர் இடையே சொன்ன அந்தச் சொற்கள் நம்மை விடவில்லை. கோயிலுக்குப் போகும் வழியில் நான்கு திண்ணைகளில் அமர்ந்து செல்வது அம்மாவின் வழக்கம். ஊர்க்கதைக்காகவே அமர்கிறார் என்று பத்தாண்டாகக் கேலி செய்திருக்கிறோம். வள்ளுவர் 'மருந்து' அதிகாரத்தில் மருத்துவத்தின் நான்கு கூறுகளை எண்ணும்போது, நோயுற்றவரையே முதலில் வைக்கிறார். ஆண்டுதோறும் இதை விளக்கும் நமக்கு வீட்டில் கேட்கத் தோன்றவில்லை.

"நடந்தால் கால் கனக்குமாம்மா?" என்றோம்.

"அதுக்குத்தானே உக்கார்றேன். நீ கேக்கவே இல்லியே" என்றார் அவர், வெகு இயல்பாக.

மறுவாரம் அவரை அதே மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். அம்மா முதல் திண்ணையிலிருந்து சொல்லத் தொடங்கினார். மருத்துவர் நான்காம் திண்ணைவரை குறுக்கிடாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.