ஆறுமணிக் குருவி

பெரகல சந்தியிலிருந்து அப்புத்தளைப் பாதையில் சற்று மேலே உள்ள ஒரு தோட்டத்தில் எமது மகளிர் குழு மாதம் இருமுறை கூடும். 1983 கலவரத்தின் பின் மலையகத்திலிருந்து வன்னிக்குப் போன குடும்பங்கள் பல. அப்படிப் போய், யுத்தத்தில் கணவரை இழந்து, 2010இல் உறவினரிடம் திரும்பி வந்த அக்கா ஒருவர் அக்குழுவில் இருக்கிறார். அதிகம் பேசமாட்டார்.

கடந்த நவம்பரில் ஒருநாள் அவராகவே சொன்னார்: "மிஸ், பொழுது சாயிற நேரம் யாரோ கொல்லைப்பக்கம் நின்னு விசிலடிக்கிறாங்க. விடியமுன்னயும் அதே சத்தம்."

அன்று முதல் மாலை ஐந்தரைக்கே கதவைத் தாழிட்டு விடுவாராம். மகள் பீலிக்குத் தண்ணீருக்குப் போவதும் நின்றுவிட்டது. "பழசை நினைச்சுப் பயப்படுது" என்றனர் அயலவர். சமூகவியல் படித்த நானும் என் குறிப்பேட்டில் "பயம். உளவளத்துணை தேவை" என்றே எழுதினேன்.

அடுத்த கூட்டத்திற்கு, வீட்டுத்தோட்டம் பற்றிப் பேச ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரை அழைத்திருந்தேன். 1976இல் தொடங்கப்பட்ட இலங்கைக் களப் பறவையியல் குழுவின் மூலம் பறவை பார்க்கப் பழகியவர். அவர் பயத்தைப் பற்றி எதுவும் கேட்கவில்லை.

"எத்தனை மணிக்கும்மா? எத்தனை தடவை? மேலேயிருந்தா, தரைப்பக்கமா?"

"ஆறு மணி போல, சேர். ரெண்டு துண்டாக் கேக்கும். பிறகு கொஞ்சம் விட்டு இன்னொருக்கா. கொய்யா மரத்தடியில இருந்து."

"இவ்வளவு சரியாக என் மாணவர்கள்கூடச் சொன்னதில்லை" என்றார் சேர்.

மூவரும் இஸ்தோப்பில் தேநீரோடு காத்திருந்தோம். சத்தம் கேட்டது. கொய்யா மரத்தடியில் மைனாவிலும் சிறிய பறவையொன்று சருகுகளைக் கிளறிப் புழு தேடிக்கொண்டிருந்தது. பச்சை முதுகு, கண்ணோரம் கறுப்புப் பட்டை, குட்டை வாலின் கீழே சிவப்பு.

ஆறுமணிக் குருவி! காலையிலும் மாலையிலும் ஆறு மணியளவில் கூவுவதால் வந்த பெயர். இமயமலை அடிவாரம், மத்திய இந்தியா போன்ற இடங்களில் குஞ்சு பொரித்து, ஒக்டோபர் அளவில் இங்கே வரும். ஏப்ரல் அளவில் திரும்பிவிடும். மயில் இரவல் வாங்கிய தோகையைத் திருப்பித் தரவில்லை என்றே அது கூவி முறையிடுகிறது எனச் சிங்களக் கிராமங்களில் ஒரு கதை உண்டு.

அக்கா நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "அதுக்குத் திரும்பிப் போக இடம் இருக்கு" என்றார். எங்கள் இருவரிடமும் அதற்குப் பதில் இல்லை.

போகும்போது சேர் ஒரு கொப்பியைக் கொடுத்தார். "நிறத்தை முதலில் பார்க்காதீங்க. சிட்டு அளவா, மைனா அளவா? சொண்டு எப்படி? தரையிலா, கிளையிலா? என்ன செய்யுது? சத்தம் எப்படி? திகதியும் நேரமும் போடுங்க."

மார்ச் மாதத்திற்குள் கொப்பியில் பதினொரு பறவைகள் சேர்ந்தன. கூட்டமாய்க் கத்தும் புலுனி, செண்பகம், தேன்சிட்டு, இலங்கையில் மட்டுமே வாழும் மஞ்சள் நெற்றிக் குக்குறுவான் எல்லாம் அதில் உண்டு. ஏப்ரலில் ஒரு வரி: "இன்றைக்கும் ஆறுமணிக் குருவி கேக்கல. போயிட்டுது போல."

அக்காவின் பயம் எல்லாம் தீர்ந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். இரவில் இன்னும் இரண்டு தாழ்ப்பாள்தான். ஆனால் மகள் மாலையில் பீலிக்குப் போகிறாள். உளவளத்துணைக்கும் அக்கா தானாகவே வரச் சம்மதித்தார்.

என் குறிப்பேட்டில் "பயம்" என்ற சொல்லை வெட்டி, "சத்தம் கேட்டார். அது உண்மை" என்று எழுதினேன். சகோதரிகளே, உங்களை அச்சுறுத்தும் சத்தத்தை யாரிடமாவது விபரமாகச் சொல்லுங்கள். அது எங்கிருந்து, எப்போது வருகிறது என்று கேட்பவரிடம் சொல்லுங்கள்.