விதைநெல்லுல ஓடுறது எந்தப் பேன்?

மழை விட்டதும் மாமரத்து அடிப்பட்டையைக் கிட்டப்போய்ப் பாருங்க. பாசி படிஞ்ச இடத்துல எள்ளளவு பூச்சிங்க மேஞ்சுக்கிட்டு இருக்கும். மரப்பட்டைப் பேன்னு சொல்றாங்க. பேருதான் பேன், நம்மளைக் கடிக்காது, மரத்துச் சாறையும் உறிஞ்சாது. பட்டைமேல இருக்கிற பாசி, பூஞ்சையைத் தின்னுட்டுப் போயிரும். இதுக்கு மருந்தடிக்க வேண்டிய அவசியமே இல்ல.

இதுக்குப் பங்காளி ஒண்ணு வீட்டுக்குள்ள இருக்கு. பழைய புத்தகத்தைப் பிரிச்சா வெளிறிப்போய் ஓடுமே, அந்த வகை. லிப்போசெலிஸ்ங்கறது அதோட அறிவியல் பேரினப் பேரு. றெக்கை கிடையாது, பின்னந்தொடை மட்டும் பட்டையா அகலமா இருக்கும். நீளம் ஏறக்குறைய 1 மில்லிமீட்டர்தான் இருக்கும்.

போன கார்த்திகையில பக்கத்து வீட்டுத் தம்பி வந்தாப்ல. "அண்ணே, குறுவையில எடுத்துவச்ச பூங்கார் விதைநெல்லு சாக்குமேல தூசி மாதிரி ஏதோ ஓடுது. மாத்திரை வாங்கி வச்சிரலாமா?"ன்னாரு. அவர் கேட்டது அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை. சாக்கு அடுக்கியிருந்த அறைக்கும் பிள்ளைங்க படுக்கிற அறைக்கும் நடுவுல ஒரு கதவுதான். அந்த மாத்திரையில இருந்து வர்ற பாஸ்பீன் வாயு ஆளைக் கொல்லும். பயிற்சி இல்லாதவங்க தொடவே கூடாது, அதுவும் வீட்டுக்குள்ள. "ஒருநாள் பொறு, என்னன்னு பார்ப்போம்"னேன்.

வெள்ளைத் தாளை விரிச்சு சாக்கைத் தட்டுனோம். விழுந்ததைப் பத்து மடங்கு லென்சுல பார்த்தோம். நெல்லு சேமிப்புல அடிக்கடி வர்ற ரெண்டு இனம் அண்ணன் தம்பி மாதிரி ஒண்ணுபோலவே இருக்கும். லிப்போசெலிஸ் என்டோமோபிலாவுக்கு வெளிர் மஞ்சள் வயித்துல குறுக்க பழுப்புக் கோடு ஓடும். லிப்போசெலிஸ் போஸ்ட்ரிகோபிலாவுக்குக் கோடு இருக்காது, உடம்பு முழுக்க ஒரே பழுப்பு. ஆனா குஞ்சுல ரெண்டுமே வெளிறித்தான் இருக்கும், அதனால பெருசாப் பார்த்துத்தான் பிரிக்கணும். இன்னும் உறுதியாச் சொல்லணும்னா நுண்ணோக்கியில மார்புக்கு அடியில இருக்கிற ரோமத்தை எண்ணணும். அது பூச்சியியல் படிச்சவங்க வேலை.

எங்களுக்குக் கிடைச்சதுல ஒண்ணுலயும் கோடு இல்ல. சாராயத்துல போட்டு வேளாண் கல்லூரிக்குக் கொண்டுபோனோம். அங்கயும் போஸ்ட்ரிகோபிலான்னுதான் சொன்னாங்க.

பேரு தெரிஞ்சு என்ன ஆகப்போவுதுன்னு தம்பி கேட்டாரு. ஆகும். கோடு போட்ட இனத்துல ஆணும் பெண்ணும் உண்டு, ரெண்டும் சேர்ந்தாத்தான் பெருகும். இந்தப் பழுப்பு இனத்துல பெரும்பாலும் பெண் மட்டுந்தான். ஆணே இல்லாம முட்டை வச்சுப் பொரிக்கும். போதாததுக்கு முட்டைங்க பாஸ்பீன் வாயுவை நல்லாவே தாக்குப்பிடிக்கும். சாக்குல ஒரே ஒரு முட்டை தப்பிச்சாலும் அதுல இருந்து மறுபடி ஒரு கூட்டம் கிளம்பிரும். பிள்ளைங்க உசுரைப் பணயம் வச்சு மாத்திரை போட்டும் பலன் அவ்வளவுதான்.

இதுங்களோட பலவீனம் தண்ணி. குடிக்கிறதில்ல, காத்துல இருக்கிற ஈரத்தைத்தான் உடம்புக்குள்ள இழுத்துக்குது. காத்து ஈரப்பதம் 60 சதவீதத்துக்குக் கீழ போயி அப்படியே நீடிச்சா காஞ்சு செத்துரும். இந்த விஷயத்துல ரெண்டு இனமும் ஒண்ணுதான். சாக்குல பேன் ஓடுதுன்னா நெல்லு சரியாக் காயாம இருக்கலாம், பூஞ்சையும் பிடிக்க ஆரம்பிச்சிருக்கலாம். புரட்டாசி மழையில அறுத்த நெல்லு வேற எப்படி இருக்கும்?

வெயில் வந்த நாலு நாளும் தார்ப்பாய்ல மெல்லிசாப் பரப்புனோம். உச்சி வெயில்ல மட்டும் மூடிவச்சோம், முளைப்பு போயிரக் கூடாதுல்ல. சல்லடையில சலிச்சு, ஈரப்பதம் 13 சதவீதத்துக்குக் கீழ வந்தப்புறம் புதுச் சாக்குல கட்டி, சுவத்தை ஒட்டாம பலகைமேல அடுக்குனோம். பழைய சாக்கைக் கொதிக்கிற தண்ணியில முக்கி எடுத்துக் காயவச்சோம்.

தை மாசம் நூறு நெல்லை எண்ணி ஈரச்சாக்குல முளைப்பு பார்த்தோம். எண்பதாவது முளைக்கணும். தொண்ணூத்தி ஒண்ணு முளைச்சிருந்துச்சு.

உங்க வீட்டு விதைநெல்லையும் ஒருதரம் வெள்ளைத் தாள்மேல தட்டிப் பாருங்க. கோடு இருக்கா இல்லையான்னு எனக்கும் சொல்லுங்க.