எழுப்பும் வட்டு

எங்கள் பாடசாலைப் பிள்ளைகள் கணினியை 'ஓன்' பண்ணுவதில்லை, எழுப்புகிறார்கள். "சேர், மூன்றாவது எழும்புதில்லை" என்பார்கள். கலைச்சொல் அகராதிகள் என்ன சொன்னாலும் எனக்கு இந்தச் சொல்தான் பிடிக்கும். நடப்பதும் அதுதான். ஆளியைப் போட்டதும் பெட்டி முழுவதும் விழித்துவிடுவதில்லை. மதர்போர்ட்டில் உள்ள சிறு நிரல் ஒன்று முதலில் விழித்து, ஹார்ட் டிஸ்க்கில் குறித்த ஓரிடத்தைத் தேடிப்போய் வாசிக்கிறது. அங்கே எழுதியிருப்பது அடுத்ததை எழுப்ப, அது விண்டோஸை எழுப்புகிறது. பழைய முறைக் கணினிகளில் அந்த முதலிடம் வட்டின் முதல் 512 பைட்டுகள்தான். ஒரு வெற்றிலையில் எழுதிவிடலாம் போன்ற அளவு. அது பழுதானால், மீதி 500 ஜீபியும் பத்திரமாக உள்ளே கிடந்தாலும் நமக்குக் கறுப்புத் திரைதான்.

2022 மார்ச் முடிவில் நாடு முழுவதும் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். மின்சாரம் வருவதும் போவதுமாக இருந்த அந்த நாட்களில் கணினிகள் பட்ட பாடு தனி. எழுதிக்கொண்டிருக்கும்போதே மின்சாரம் போனால் வட்டில் எழுத்து பாதியில் நிற்கும். எங்கள் அலுவலகக் கணினியின் யூபிஎஸ் மின்கலமும் செத்துக் கிடந்தது. ஒரு காலையில் பெட்டி எழும்பவில்லை. சாதாரண தரப் பரீட்சை மே 23 இல் தொடங்க இருந்தது. பிள்ளைகளின் பாடசாலை மட்டக் கணிப்பீட்டுப் புள்ளிகள் எல்லாம் அதற்குள்தான்.

"சேர், எங்கட மார்க்ஸ் எல்லாம் போட்டுதோ?" என்று வாசலில் நின்று கேட்டாள் ஒரு பிள்ளை.

போகவில்லை. அதற்கு முந்திய ஆண்டே செய்து வைத்த மீட்பு பென் ட்ரைவ் ஒன்று என்னிடம் இருந்தது. அதைச் செருகி, ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக அதிலிருந்து எழும்பச் சொல்லி, தொடக்கப் பழுதுபார்ப்பை ஓடவிட்டேன். இரண்டாம் முறை விண்டோஸ் வந்தது. வந்த கையோடு புள்ளிகளை வேறிடத்துக்குப் பிரதி எடுத்தோம். நகரத்தில் ஒரு கடையில் கொடுத்திருந்தால் முதல் வேலையாக 'போமட்' அடித்திருப்பார்கள். உள்ளே என்ன இருந்தது என்று கேட்கும் வழக்கம் எல்லோருக்கும் இல்லை.

இந்த விஷயத்தில் படித்தவர்களும் குழம்புகிறார்கள். வேர்ட் கோப்புகளையும் கலியாணப் படங்களையும் பென் ட்ரைவில் போட்டுவிட்டு 'பக்கப் இருக்கு' என்பார்கள். அது கோப்பின் பிரதி, பெட்டியை எழுப்பாது. மீட்பு பென் ட்ரைவ் எழுப்பும், ஆனால் அதில் உங்கள் கோப்பு ஒன்றுகூட இராது. விண்டோஸிலேயே அதைச் செய்யும் வசதி இருக்கிறது. 16 ஜீபி பென் ட்ரைவ் ஒன்று வேண்டும். அதிலுள்ளதெல்லாம் அழிந்துவிடும் என்பதால் வெறுமையானதை எடுக்க வேண்டும். நேரமும் பிடிக்கும். மூன்றாவது, வட்டை அப்படியே படியெடுப்பது. குளோன்சில்லா என்ற இலவச நிரல் அதற்குப் போதும். ஆனால் திரும்ப ஏற்றும் வட்டு பழையதைவிடச் சிறிதாக இருக்கக் கூடாது. புதிய மடிக்கணினிகளில் வட்டு தானாகவே பூட்டப்பட்டிருக்கும். அவற்றுக்கு 48 இலக்கச் சாவி எண்ணைக் கடதாசியில் எழுதி வைக்க வேண்டும். அது இல்லாவிட்டால் வட்டு கையில் இருந்தும் திறக்க முடியாது. கணினி செய்தவர்கள் அதே வட்டின் ஒரு மூலையில் மீட்புப் பகுதி வைத்துத் தருகிறார்களே என்று சிலர் கேட்பார்கள். வட்டே செத்தால் மூலை மட்டும் உயிரோடு இருக்குமா?

பிரதி வேறிடத்தில் இருக்க வேண்டும் என்பதை யாழ்ப்பாணத்தாருக்குப் படிப்பிக்க வேண்டியதில்லை. 1981 மே 31 இரவு தொடங்கி எரிந்த பொது நூலகத்தில் சுமார் 97,000 நூல்களும் ஏடுகளும் இருந்தன. வேறெங்காவது அச்சுப் பிரதி இருந்தவை திரும்ப வாங்கப்பட்டன. மயில்வாகனப் புலவரின் யாழ்ப்பாண வைபவமாலையை இன்றும் வாசிக்கிறோம், அது அச்சேறிப் பல கைகளில் இருந்ததால். ஒரே ஏடாக இருந்தவை அந்தக் கட்டடத்தோடு முடிந்தன. 2005 இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகத்தார் பழைய சஞ்சிகைகளையும் நூல்களையும் ஒவ்வொரு பக்கமாக வருடி வைப்பதைப் பார்க்கும்போது, யார் சொல்லி இந்த வேலையைத் தொடங்கினார்கள் என்று கேட்கத் தோன்றுவதில்லை.

என் வீட்டுக் கதையும் உண்டு. 1990 ஒக்டோபர் 30 இல் யாழ் நகரத்து முஸ்லிம்களை இரண்டு மணித்தியாலத்தில் வெளியேறச் சொன்னார்கள் புலிகள். எனக்கு அப்போது பத்து வயது. வாப்பாவின் அலுமாரி பூட்டியபடி நின்றது. உறுதிகள், எங்கள் பிறப்புச் சான்றிதழ்கள், உம்மாவின் பாடசாலைப் படம் எல்லாம் அதற்குள். புத்தளத்தில் என்னைப் பாடசாலையில் சேர்க்கச் சான்றிதழ் கேட்டார்கள். பிறப்புப் பதிவின் இரண்டாம் பிரதி கொழும்பில் இருந்ததால் வாப்பா போய் எடுத்து வந்தார். உம்மாவின் படத்துக்கு இரண்டாம் பிரதி இருக்கவில்லை. அதில் அவர் எந்த வரிசையில் நின்றார் என்று இப்போது அவருக்கே நிச்சயமில்லை.

பாடசாலையின் மீட்பு பென் ட்ரைவ் ஒன்று அதிபரின் இரும்புப் பெட்டியில் இருக்கிறது, மற்றது என் வீட்டில். தவணை முடிவில் இரண்டையும் ஒருமுறை செருகி, கணினி அவற்றிலிருந்து எழும்புகிறதா என்று பார்க்கிறோம். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளே பார்க்கிறார்கள், நான் பக்கத்தில் நிற்பேன். பென் ட்ரைவும் சொல்லாமல் சாகிற சாமான்.

இப்போது வேறொரு வேலை வந்திருக்கிறது. விண்டோஸ் 10 க்கான வழமையான ஆதரவை மைக்ரோசொப்ட் 2025 ஒக்டோபர் 14 உடன் நிறுத்திவிட்டது. எங்கள் கூடத்தில் ஆறு பழைய பெட்டிகளுக்கு விண்டோஸ் 11 ஏறாது, அது கேட்கும் டீபீஎம் 2.0 அவற்றில் இல்லை. எறிய மனமுமில்லை, புதிது வாங்கப் பணமுமில்லை. லினக்ஸ் போட்டுப் பார்க்கிறோம். போடுவதற்கு முன் ஒவ்வொன்றையும் முழுதாகப் படியெடுத்து, அதன் இலக்கத்தை ஒட்டி வைக்கிறோம். நான்கு முடிந்துவிட்டது. மூன்றாவதும் ஆறாவதும் மிச்சம்.