அனுசரிச்சுப் போம்மா

அம்மாவை முதியோர் இல்லத்தில் சேர்த்தது தவறு என்று நான் இன்றும் நினைக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடந்ததைக் கேட்கிற சொந்தக்காரர்கள் பெரும்பாலும் அந்த இடத்திலேயே நின்றுகொள்கிறார்கள். நான் செய்த தவறு அதற்குப் பிறகு வருகிறது.

இடுப்பெலும்பு முறிந்து, ஆபரேஷன் முடிந்து, வாக்கரைப் பிடித்து நாலு எட்டு வைக்கப் பழகியிருந்தாள் அம்மா. சென்னையில் நாங்கள் குடியிருப்பது லிஃப்ட் இல்லாத மூன்றாவது மாடி. நானும் மனைவியும் காலையில் பூட்டிக்கொண்டு கிளம்பினால் இருட்டின பிறகுதான் திரும்புவோம். அம்மாவுக்கும் கோயமுத்தூரை விட்டு வர மனசில்லை. "சிறுவாணித் தண்ணி குடிச்ச நாக்கு கண்ணு. உங்கூர்த் தண்ணி இறங்காது" என்றாள். அதனால் ஊருக்கு வெளியே, மலை தெரிகிற ஒரு இல்லத்தில் இடம் பார்த்தோம்.

பார்த்தேன் என்றால் நன்றாகவே பார்த்தேன். வழுக்காத டைல்ஸ், கழிவறையில் கைப்பிடி, பூஜையறை, வாசலில் வேப்பமரம், தாழ்வாரம் முழுக்கக் கேமரா. வாரம் ஒருமுறை டாக்டர் வருவார் என்றார்கள். செவ்வாய்க்கிழமை டிபனுக்கு என்ன என்பது வரை அச்சடித்துச் சுவரில் ஒட்டியிருந்தது. சாப்பாட்டைச் சாப்பிட்டும் பார்த்தேன். ரசம் வீட்டு ரசம் போலவே இருந்தது. ராத்திரி எத்தனை பேர் வேலையில் இருப்பார்கள் என்று மட்டும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றவே இல்லை.

அதன்பின் எல்லாம் ஒழுங்காகப் போவதாக நம்பினேன். ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு வீடியோ கால். அதற்குள் அம்மாவைக் குளிப்பாட்டி, தலை சீவி, நெற்றியில் விபூதி வைத்து நாற்காலியில் உட்கார வைத்திருப்பார்கள். சேரன் எக்ஸ்பிரஸில் கிளம்பும்போது முதல் நாளே போன் செய்து வருவதைச் சொல்லிவிடுவேன். போனால் ஆபீஸ் அறையில் காபி தருவார்கள். இல்லத்தின் வாட்ஸ்அப் குழுவில் பொங்கல், நவராத்திரி, யார் யாருக்கோ பிறந்த நாள் என்று படங்கள் வந்துகொண்டே இருக்கும். 2007-ஆம் ஆண்டுப் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தில், பெரியவர்களைக் கைவிடுகிறவர்களுக்கு மூன்று மாதம் வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம் என்று இருக்கிறது. அதைப் படிக்கும்போதெல்லாம் நாம் அந்த ரகம் இல்லை என்று நிம்மதிப்பட்டிருக்கிறேன். மாதம் பிறந்தால் பணம் போய்விடுகிறதே!

அம்மா சொல்லாமல் இல்லை. ஒரு தடவை போயிருந்தபோது, கதவுப்பக்கம் பார்த்துவிட்டுத் தணிந்த குரலில், "தண்ணி சரியாத் தர மாட்டேங்கறாங்க சாமி. கேட்டாச் சலிச்சுக்கறாங்க" என்றாள். மேனேஜரிடம் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, ஒவ்வொரு மேஜையிலும் ஜக்கு இருக்கிறதே, பெரியவங்களுக்குக் குடித்தது மறந்துபோகும் என்றார். ஜக்கு இருந்தது, நானே பார்த்தேன். கட்டிலில் படுத்திருக்கிற அம்மாவின் கை அந்த ஜக்கு வரை எட்டுமா என்று பார்க்கவில்லை. திரும்பி வந்து அம்மாவிடம் நான் சொன்னது இவ்வளவுதான்: "நாலு பேர் இருக்கற இடம்னா அப்படித்தாம்மா. கொஞ்சம் அனுசரிச்சுப் போம்மா."

அம்மா சரி என்று தலையாட்டினாள். அப்புறம் அதைப்பற்றிப் பேசவே இல்லை. பழகிவிட்டாள் என்று எடுத்துக்கொண்டேன்.

சில மாதங்களில் அம்மாவின் பேச்சு குழம்ப ஆரம்பித்தது. வீடியோ காலில் என்னைத் தன் அண்ணன் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். மாமா இறந்து வருஷக்கணக்காகிறது. ராத்திரியில் எழுந்து வீட்டுக்குப் போகணும் என்று சத்தம் போடுகிறாள், மற்றவர்கள் தூக்கம் கெடுகிறது என்று மேனேஜர் போன் செய்தார். மறதி நோய் ஆரம்பம் மாதிரி தெரிகிறது, தூங்குவதற்கு ஒரு மாத்திரை எழுதலாம் என்று டாக்டர் சொல்கிறார், உங்களுக்குச் சம்மதமா என்று கேட்டார். நான் ஆபீஸ் மீட்டிங்கில் இருந்தேன். "கொடுங்க சார்" என்றேன். வேறொன்றும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு அம்மா அமைதியாகிவிட்டாள். ஒரு நாள் காலையில் எழுப்பினால் எழவில்லை என்று போன் வந்தது.

நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தது. அம்மா கண் திறந்திருந்தாள். உதடு வெடித்து, நாக்கு மேல்புறம் காய்ந்து கோடுகோடாக இருந்தது. நர்ஸ் ஒரு டம்ளரில் தண்ணீரும் ஸ்ட்ராவும் என் கையில் கொடுத்து, நிமிர்த்தி உட்கார வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள் என்றாள். கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தினேன். ஸ்ட்ராவை உதட்டில் வைத்ததும் அம்மா இரண்டு கையாலும் டம்ளரைப் பிடித்துக்கொண்டாள். அவள் தொண்டை ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அடியில் உறிஞ்சுகிற சத்தம் கேட்ட பிறகும் ஸ்ட்ராவை விடவில்லை. பிறகு நர்ஸ் போன திசையைப் பார்த்துவிட்டு, என் காதருகே மெல்லக் கேட்டாள்: "இன்னொரு டம்ளர் கேட்டா, அந்தப் புள்ள கோவிச்சுக்குமா?"

முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தவள் என் அம்மா. எதிரில் நிற்கிறவர் யாரானாலும் கேட்க வேண்டியதைக் கேட்டுவிடுகிற பெண்பிள்ளை. அவள் ஒரு டம்ளர் தண்ணீருக்கு என்னிடம் ரகசியமாக அனுமதி கேட்டாள். டம்ளரை வாங்கிக்கொண்டு எழுந்தேன். தண்ணீர் பிடிக்கிற இடம் வரை நடந்தேன். குழாயைத் திறக்கக் கை வரவில்லை.

டாக்டர் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னார். வயதாக ஆகத் தாகம் என்கிற உணர்வே மங்கிவிடும். அதையும் மீறி ஒருவர் தண்ணீர் கேட்டால் அதை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. போதுமான தண்ணீர் போகாமல் சிறுநீர்த் தொற்று வந்திருக்கிறது. வயதானவர்களுக்கு அது காய்ச்சல் காட்டாமல் திடீர்க் குழப்பமாகவே வெளிப்படலாம். அந்தக் குழப்பத்தை மறதி நோய் என்று நினைத்து மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். மாத்திரை வேகத்தில் அம்மா புரளாமல் கிடந்திருக்கிறாள். இப்படிப் படுத்திருப்பவர்களை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், யாரும் புரட்டவில்லை. சொல்லிக்கொண்டே அம்மாவை ஒருக்களிக்க வைத்துக் காட்டினார். முதுகுத்தண்டு முடிகிற இடத்தில், என் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் இல்லை.

அன்றிரவு ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து அந்த வாட்ஸ்அப் குழுவின் படங்களைப் பின்னோக்கித் தள்ளிப் பார்த்தேன். சேர்த்த புதிதில் எடுத்த படத்தில் அம்மாவின் வளையல் மணிக்கட்டில் இருக்கிறது. பொங்கல் படத்தில் அது முன்கையின் பாதிக்கு ஏறிவிட்டது. கடைசிப் படத்தில், கையைத் தூக்கிக் கும்பிடும்போது, முழங்கையில் போய் நிற்கிறது. மூன்று படத்துக்கும் நான் இதயக் குறி போட்டிருந்தேன்.

அம்மாவின் சாமான்களை எடுக்க இல்லத்துக்குப் போனபோது சண்டை போடுகிற எண்ணத்தோடுதான் போனேன். ராத்திரி வேலை பார்க்கிற ஆயா பின்கட்டில் துணி அலசிக்கொண்டிருந்தார். அவருக்கே அறுபதை நெருங்கும். கேட்டதற்கு எதையும் மறைக்கவில்லை. "ராத்திரிக்கு நானொருத்திதானுங்க. மேலயும் கீழயுமா இருபத்தஞ்சு பேரு. பாதிப் பேரைப் புடிச்சுத்தான் பாத்ரூமுக்குக் கூட்டிட்டுப் போகோணும். ஒருத்தரைக் கூட்டிட்டுப் போறப்ப இன்னொருத்தரு எந்திரிச்சு உழுந்துட்டா நாந்தானுங்க பதில் சொல்லோணும். அதனால பொழுது சாஞ்சா எல்லாருக்குமே தண்ணி கொறைச்சுத்தானுங்க குடுக்கறது." கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, "உங்கம்மா தங்கமானவங்க. அப்பறம் கேக்கறதையே நிறுத்திட்டாங்க" என்றார்.

அந்த அம்மாளோடு எனக்கு என்ன சண்டை? இன்னும் இரண்டு பேரைச் சம்பளம் கொடுத்து வைத்திருந்தால் அவர் தண்ணீரைக் குறைத்திருக்க மாட்டார். இரவு ஆள் போடாமல் தாழ்வாரத்துக்குக் கேமரா போட்டவர்கள்மீது எனக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை. மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் புகார் எழுதிக் கொடுத்தேன். ஆனால் அம்மா கேட்பதை நிறுத்தியது அவர்களால் மட்டும் இல்லை. அவள் சொன்னதைக் கேட்க வேண்டிய ஒரே ஆள், அனுசரித்துப் போகச் சொல்லிவிட்டுச் சென்னைக்கு ரயிலேறியிருந்தான்.

இதற்கெல்லாம் நம் ஊரில் வழி தெரியாமல் இல்லை. முதியோருக்கென்று தனி மருத்துவப் பிரிவு நாட்டிலேயே முதன்முதலாக 1978-இல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில்தான் தொடங்கியது. அதைத் தொடங்கிய டாக்டர் வி. எஸ். நடராஜன் முதியோர் நலம் பற்றித் தமிழிலேயே ஏராளமாக எழுதியிருக்கிறார். அவற்றையெல்லாம் அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து படித்தேன். ஒரு வருஷம் முன்னால் படித்திருக்க வேண்டியவை.

குழப்பம் தெளிந்தது, அம்மாவுக்கு மறதி நோய் எதுவும் இல்லை. புண் ஆற மாதக்கணக்கானது. அதற்குள் காலில் இருந்த பலம் போய்விட்டது. அந்த நாலு எட்டு நடையும் போனது. இப்போது வேறொரு இல்லத்தில் இருக்கிறாள். பழைய கட்டடம், சிமெண்டுத் தரை. சேர்க்கப் போனபோது இரவு எத்தனை பேர் என்று கேட்டேன். அங்கே பொறுப்பில் இருந்த அம்மாள் டியூட்டி நோட்டையே எடுத்து முன்னால் வைத்தார். கட்டில்காலில் தொங்குகிற ஒரு நோட்டில் எவ்வளவு தண்ணீர் குடித்தாள், எத்தனை மணிக்குப் புரட்டிப் படுக்க வைத்தார்கள், மாத எடை என்ன என்று எழுதியிருக்கும். நான் சொல்லிவிட்டுப் போவதில்லை.

உங்கள் வீட்டுப் பெரியவர் யாராவது இல்லத்தில் இருந்தால், அடுத்த முறை சொல்லாமல், பொழுது சாய்ந்த பிறகு போய்ப் பாருங்கள். அவர் படுத்த வாக்கில் கையை நீட்டட்டும். தண்ணீர் எட்டுகிறதா என்று பாருங்கள். முதியோருக்கான இலவச உதவி எண் 14567. காலை எட்டு மணி முதல் இரவு எட்டு மணி வரை எடுப்பார்கள்.