கடுகுச் செடியில் தேங்காய் எண்ணெய்

எள்ளின் நெய்யே எண்ணெய் என்று வகுப்பில் ஆண்டுதோறும் பிரித்துக் காட்டுகிறேன். அப்படியானால் தேங்காய்க்கு ஏது எண்ணெய் என்று எந்த மாணவராவது கேட்டுவிடுவார். எள்ளுக்குரிய பெயர் பிற வித்துகளுக்கும் பொதுவாயிற்று என்பது என் வழக்கமான விடை. பெயரைப் போலவே எண்ணெயின் தன்மையும் ஒரு செடியிலிருந்து மற்றொன்றுக்குக் குடிபெயரக்கூடும் என்பதைக் கால்ஜீன் நிறுவனத்தின் வரலாற்றைப் படித்தபோதுதான் அறிந்தேன்.

கலிபோர்னியாவின் டேவிஸ் நகரில் இயங்கிய நிறுவனம் அது. அது எடுத்துக்கொண்ட பயிர் கனோலா, கடுகுக் குடும்பத்துச் செடி. (கனடாவின் பெயரை வெட்டி ஒட்டிய சொல், நம் புணர்ச்சி விதி எதற்கும் அடங்காதது.) விதைக்குள் கொழுப்பு அமிலம் உருவாகும்போது கரிம அணுக்கள் இரண்டிரண்டாகக் கோக்கப்பட்டுச் சங்கிலி நீள்கிறது. கனோலாவில் அது பெரும்பாலும் 18 அணுக்கள்வரை செல்லும். தென்னையிலோ பெரும்பகுதி 12இலேயே நின்றுவிடுகிறது. அதுதான் லாரிக் அமிலம். தேங்காய் எண்ணெயில் ஏறத்தாழப் பாதி. சோப்பு நன்றாக நுரைப்பதும் அதனால்தான். கலிபோர்னிய பே மரத்தின் விதையில் சங்கிலியை 12இல் வெட்டிவிடும் நொதி ஒன்று உண்டு. அதற்குரிய மரபணுவைக் கனோலாவுக்குள் செலுத்தினார்கள். 1994இல் அமெரிக்க அரசு அனுமதித்தது. மறு ஆண்டே வணிகப் பயிராக விளைந்தது.

என்னை வியக்கவைத்தது இதன் பின்கதை. கொழுப்பு மூலக்கூறு ஒவ்வொன்றிலும் அமிலம் அமர மூன்று இடங்கள் உண்டு. நடு இடத்தில் லாரிக் அமிலத்தை அமர்த்தக் கனோலா இணங்கவில்லை. கடைசியில் தென்னையிடமே போய், இளந்தேங்காயிலிருந்து மற்றொரு மரபணுவைப் பெற்றுவந்தார்கள். தென்னைக்குப் போட்டி தயாரிக்கத் தென்னையிடமே கடன்!

அறிவின் நுட்பத்தை வியக்கிறேன். ஆனால் பிலிப்பைன்ஸின் தென்னை விவசாயிகளைப் பற்றி அன்று எழுந்த அச்சத்தை வெறும் பழமைவாதம் என்று தள்ள என்னால் முடியவில்லை. கனோலா ஒரு பருவப் பயிர். இந்த ஆண்டு விலை போகாவிட்டால் அடுத்த ஆண்டு கோதுமை விதைக்கலாம். தென்னை வைத்தவருக்கு அந்த வசதி கிடையாது. 2018 நவம்பரில் கஜா புயல் பட்டுக்கோட்டைப் பக்கம் தோப்புத் தோப்பாகச் சாய்த்தபோது, புதிய கன்று காய்க்க எத்தனை ஆண்டு காத்திருக்க வேண்டும் என்ற கணக்குத்தான் அங்கே இடியாக இறங்கியது.

புதிய கனோலா சந்தையில் நிலைக்கவில்லை. தேங்காய் எண்ணெயிலும், செம்பனைக் கொட்டையின் பருப்பிலிருந்து எடுக்கும் எண்ணெயிலும் அதே அமிலம் தாராளமாகக் கிடைத்துக்கொண்டிருந்தது. கால்ஜீனை 1997இல் மான்சாண்டோ முழுமையாக வாங்கிக்கொண்டது.