என்ஜினியர் அம்மா லலிதா



தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறினால் எட்டாவது ஸ்டேஷன் கிண்டி. கிண்டி பொறியியல் கல்லூரி என்றால் நம் எல்லாருக்கும் தெரியும். ஆனால் அங்கே 1940 வரைக்கும் பெண்களைச் சேர்த்ததே இல்லை என்று உங்களுக்குத் தெரியுமா? அந்தக் கதவைத் திறந்தவர் அ. லலிதா. அவர் ஒரு கைக்குழந்தைக்கு அம்மா!

லலிதா 1919-ல் சென்னையில் பிறந்தார். அப்பா பப்பு சுப்பாராவ் அதே கல்லூரியில் மின்பொறியியல் பேராசிரியர். லலிதாவுக்கு 15 வயதிலேயே கல்யாணம் ஆகிவிட்டது. அதாவது நம்மைவிட ஒரு வயதுதான் பெரியவர். 18 வயதில் சியாமளா என்ற பெண் குழந்தை பிறந்தது. குழந்தைக்கு நாலு மாதம் ஆனபோது கணவர் இறந்துவிட்டார். அந்தக் காலத்தில் விதவை என்றால் மூலையில் உட்கார வைத்துவிடுவார்கள். லலிதா உட்காரவில்லை. ராணி மேரி கல்லூரியில் சேர்ந்து படித்தார்.

அடுத்து என்ன படிப்பது? அப்போது பெண்கள் டாக்டருக்குப் படிப்பது உண்டு. ஆனால் டாக்டர் என்றால் நடு ராத்திரியிலும் கூப்பிடுவார்கள், குழந்தையை விட்டுவிட்டு ஓட வேண்டும். அது வேண்டாம், காலையில் போய் சாயந்திரம் வருகிற வேலைதான் வேண்டும் என்று லலிதா நினைத்தார். அதனால்தான் என்ஜினியரிங்! அப்பா பிரின்சிபால் கே.சி. சாக்கோவிடம் பேசி இடம் வாங்கினார். மகள் தனியாக இருக்கிறாளே என்று, மற்ற பெண்களும் சேரலாம் என்று விளம்பரம் செய்ய வைத்தார். லீலம்மா ஜார்ஜ், பி.கே. திரேசியா இரண்டு பேரும் சிவில் பிரிவில் சேர்ந்தார்கள். 1943-ல் படிப்பு முடிந்தது. சான்றிதழில் ஆண்களுக்காக ‘ஹி’ என்று அச்சடித்திருந்ததை அடித்துவிட்டு ‘ஷி’ என்று மாற்ற வேண்டியிருந்ததாம்!

இதையெல்லாம் எங்கள் அறிவியல் டீச்சர் சொன்னபோது எல்லோரும் கை தட்டினோம். ஆனால் என் மனசில் நின்றது வேறு ஒன்று. லலிதா ஹாஸ்டலில் தங்கிப் படித்தார். குழந்தை சொந்தக்காரர் வீட்டில் வளர்ந்தது. வார லீவில் போய்ப் பார்த்துவிட்டு வருவார்.

எங்கள் அம்மாவும் வாரம் ஒரு முறைதான் வருவார்கள். அப்பா இல்லாததால் அடையாறில் ஒரு வீட்டோடு தங்கி வயதான பாட்டியைப் பார்த்துக்கொள்ளும் வேலை. நானும் தம்பியும் ஆயாவிடம் இருக்கிறோம். சனிக்கிழமை ராத்திரி வந்து ஞாயிறு சாயந்திரம் கிளம்பிவிடுவார்கள். குழாயடியில் சிலர், “பெத்த புள்ளைங்கள வுட்டுட்டு எப்படித்தான் இருக்காளோ, கல்லு மனசு” என்று என் காதில் விழும்படியே பேசுவார்கள். எனக்குப் பதில் சொல்லத் தெரியாது. குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவேன்.

இப்போது பதில் தெரியும். லலிதா 1948-ல் கல்கத்தாவில் அசோசியேட்டட் எலக்ட்ரிக்கல் இண்டஸ்ட்ரீஸ் கம்பெனியில் சேர்ந்தார். அங்கே அவருடைய சகோதரர் குடும்பம் இருந்தது. வீடு கட்டுவதற்கு முன் பிளான் போடுவது போல, மின்சாரம் போகும் பாதைக்கும் துணை மின் நிலையத்துக்கும் பிளான் போடுவது அவர் வேலை. பக்ரா நங்கல் அணையின் மின்சார வேலையிலும் அவர் பங்கு உண்டு. 1964-ல் நியூயார்க்கில் நடந்த முதல் சர்வதேசப் பெண் பொறியாளர், விஞ்ஞானிகள் மாநாட்டுக்கும் போனார். 1979-ல் 60 வயதில் காலமானார். இவரைக் கல்லு மனசு என்று யாராவது சொல்வார்களா?

ஒரு வித்தியாசம் உண்டு. லலிதாவுக்குப் பேராசிரியர் அப்பா இருந்தார், அதனால் ராத்திரி வேலை வேண்டாம் என்று சொல்ல முடிந்தது. எட்டாவது படித்த எங்கள் அம்மாவுக்கு அப்படிச் சொல்ல வழியில்லை. அந்தப் பாட்டி ராத்திரி எத்தனை முறை கூப்பிட்டாலும் எழுந்திருக்க வேண்டும். அந்தச் சம்பளத்தில்தான் என் நோட்டும் தம்பியின் செருப்பும் வருகிறது.

போன சனிக்கிழமை இந்தக் கதையை அம்மாவிடம் சொன்னேன். கிண்டி, கல்கத்தா, நியூயார்க் எல்லாம் கேட்டுவிட்டு அம்மா ஒன்றுதான் கேட்டார்கள்: “அந்தக் கொழந்த என்னாச்சு?”

“நல்லா படிச்சு வளந்துச்சும்மா. அவங்க அம்மாவப் பத்தி எல்லாருக்கும் சொன்னதே அந்தப் பொண்ணுதான்” என்றேன். அம்மா சிரித்துவிட்டு என் தலையில் எண்ணெய் வைக்க ஆரம்பித்தார்கள்.

தோழிகளே! தோழர்களே! உங்கள் தெருவிலும் தூரத்தில் வேலை செய்யும் அம்மா யாராவது இருப்பார்கள். அவர்கள் பிள்ளைகளிடம் “உங்கம்மா ஏன் கூட இல்ல?” என்று கேட்காதீர்கள். “உங்கம்மா எப்ப வராங்க?” என்று கேளுங்கள். அது போதும்.



— 9-ஆம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி