விடியலுக்கு முந்தைய ஏரி

கேழ்வரகு மாவைக் கொதிநீரில் கொட்டிக் கிளறி, சூடு ஆறுவதற்குள் பிசைந்துவிட வேண்டும் என்பது அல்சூர்க்காரரின் விதி. ஆறிய மாவு வெடிக்கும்; வெடித்த உருண்டை நீரில் விழுந்ததும் கரைந்துபோகும். கரையாமலே இருந்துவிட்டாலும் பயனில்லை. மணம் கசிய வேண்டும், ஆனால் முள்ளைவிட்டு உதிரக் கூடாது. அந்தப் பதம் கைக்குத்தான் தெரியும் என்பார். அதில் ஒரு பிடி கடலைப் பிண்ணாக்குத் தூள், கொஞ்சம் வெல்லம், இடித்த சோம்பு சேரும். வெள்ளிக்கிழமை இரவு அவர் வீட்டு அடுப்படியில் இது நடக்கும்போது வீட்டார் யாரும் அந்தப் பக்கம் வருவதில்லை.

நண்பர்கள் மூவர். அல்சூர்க்காரர் இருசக்கர வாகனம் பழுது பார்ப்பவர், நாற்பத்தைந்தைத் தாண்டியவர், அல்சூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழர். இரண்டாமவர் மென்பொருள் வேலைக்காக மதுரைப் பக்கத்திலிருந்து வந்து எட்டு ஆண்டுகளாகியும் இன்னும் மதுரைக்காரர் என்றே அழைக்கப்படுபவர். மூன்றாமவர் தொட்டபள்ளாபுரத்துக் கன்னடர், பள்ளி ஆசிரியர். மதுரைக்காரரின் வண்டி அடிக்கடி நின்றுபோனதில் தொடங்கிய பழக்கம் மாதம் இருமுறை ஏரிக்கரைக்குப் போகும் பழக்கமாக முதிர்ந்திருக்கிறது. இளையவர்கள் இருவரும் மூத்தவரை ‘அண்ணா’ என்கிறார்கள். அந்தச் சொல்லுக்கு இரு மொழியிலும் மாற்றம் தேவைப்படவில்லை.

மற்ற சொற்களில் அவ்வளவு எளிதில் ஒற்றுமை கிட்டுவதில்லை. தமிழில் தூண்டில் என்பது தூண்டுவது. கருவியின் பெயரே அதன் சூழ்ச்சியைச் சொல்லிவிடுகிறது. கன்னட ஆசிரியருக்கு அது ‘காள’; தெலுங்கிலும் ஏறக்குறைய அதே சொல். ஆனால் முள்ளில் கோப்பதற்கு வந்தால் இரு மொழிகளும் மீண்டும் ஒரு வீட்டுப் பிள்ளைகளாகிவிடுகின்றன. நம்முடைய ‘இரை’ அங்கே ‘எரே’. மண்புழுவைக் கன்னடத்தார் ‘எரேஹுளு’ என்கிறார்கள், அதாவது இரைப்புழு. மண்ணை வைத்துப் பெயரிட்டவர்கள் நாம். மீனை வைத்துப் பெயரிட்டவர்கள் அவர்கள். இதை ஆசிரியர் முதன்முறை சொன்னபோது அல்சூர்க்காரர் சிரித்துவிட்டு, “அப்ப அவங்கதான் நெஜமான மீன்காரங்க” என்றாராம்.

எந்த இரை என்பது எந்த மீன் என்பதைப் பொறுத்தது. பெங்களூருவைச் சுற்றியுள்ள ஏரிகளில் பெரும்பாலும் கிடைப்பவை கட்லா, ரோகு, மிர்கால் என்னும் மூன்று பெருங்கெண்டைகள். மூன்றும் ஒரே நீரில் மூன்று மாடிகளில் குடியிருப்பவை. மேல்நோக்கித் திறக்கும் வாயுடைய கட்லா மேல்மட்டத்தில் நுண்ணுயிர் மிதவைகளை உண்ணும். ரோகு நடுவில் மேயும். மிர்கால் அடிச்சேற்றைக் கிளறும். ஆகவே தக்கையை நரம்பில் எங்கே நிறுத்துவது என்பதுதான் முதல் முடிவு. ஒரு சாண் ஆழத்தில் நிறுத்தினால் ஒரு மீன், தரைதொட விட்டால் வேறொரு மீன். ஜிலேபிக் கெண்டைக்கு இத்தனை யோசனை வேண்டாம்; ரொட்டித் துணுக்கும் மண்புழுவும் சிறிய முள்ளும் போதும். விராலுக்கு உயிருள்ள இரை வேண்டும், அல்லது அல்லிக் கொடிகளின்மீது தத்திச் செல்லும் ரப்பர்த் தவளை. கெளுத்திக்குக் கோழிக்குடல், அதுவும் நாள்பட்டது. இதை வண்டியில் ஏற்றும் நாளில் மதுரைக்காரர் பின் இருக்கையில் உட்கார மறுத்துவிடுவார்.

கருவிகளில்தான் நண்பர்களுக்குள் ஓயாத வழக்கு. மதுரைக்காரரிடம் கார்பன் இழைக் கோல், சுழல் உருளை, பின்னல் நரம்பு எல்லாம் உண்டு. அல்சூர்க்காரர் மூங்கில் கழியையும் மயிலிறகுத் தண்டில் செய்த மிதவையையும் விடுவதாயில்லை. ரோகு இரையைக் கவ்வி இழுப்பதில்லை. முத்தமிடுவதுபோல் உறிஞ்சிப் பார்த்து உமிழும். பருத்த பிளாஸ்டிக் மிதவை அதை உணராது, இறகுத் தண்டு உணரும் என்பது அவர் கட்சி. ஆசிரியர் எதையும் வாதிடாமல், கம்பிச்சுருளில் மாவை அப்பி அதைச் சுற்றி நான்கு முட்களைத் தொங்கவிடும் முறையில் எப்போதும் கூடுதல் மீன் பிடிப்பவர். விலாங்குபோல் நழுவும் விவாதங்களுக்கு இதைவிட நல்ல விடை இல்லை.

கேழ்வரகு மாவுக்கும் ஒரு குலவரலாறு உண்டு. இப்பகுதியில் அதன் புகழ் காவிரியில் மஹசீர் பிடிக்கப் போனவர்களிடமிருந்து வந்தது. எலுமிச்சை அளவுக்கு உருட்டி வேகவைத்த கேழ்வரகு உருண்டைக்குத்தான் அந்தப் பெருமீன் மயங்கும். 1946இல் கபினி ஆற்றில் மைசூருவைச் சேர்ந்த வான் இங்கன் பிடித்தது 120 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 54 கிலோ. திமில் கொண்ட அந்தக் காவிரி மஹசீரின் சரியான அறிவியல் பெயர் டோர் ரெமாதேவியை என்பது 2018இல்தான் உறுதிப்பட்டது. அதே ஆண்டில் அது மிக அருகிய இனமாகவும் பட்டியலிடப்பட்டது. பெயர் தெளிவாவதற்குள் மீன் அருகிவிட்டது. உருண்டை மட்டும் ஏரிக்கெண்டைகளிடம் வந்து சேர்ந்தது.

ஏரிக்கெண்டைகளும் இந்த மண்ணின் பிள்ளைகள் அல்ல. கட்லாவும் ரோகுவும் மிர்காலும் கங்கைச் சமவெளியின் ஆற்றுமீன்கள். அவை தேங்கிய நீரில் வளரும், ஆனால் முட்டையிடாது. அதற்கு வெள்ளம் புரளும் ஆறு வேண்டும். 1957 ஜூலை 10ஆம் நாள் ஒடிசாவின் அங்குலில் ஹீராலால் சௌதுரி கெண்டைக்கு மூளையடிச் சுரப்பியின் சாற்றை ஊசியேற்றி முட்டையிடச் செய்த பின்னர்தான், குளந்தோறும் குஞ்சு விடுவது பெருந்தொழிலாயிற்று. ஆகவே ஏரியில் பிடிபடும் ஒவ்வொரு ரோகுவும் யாரோ ஒருவர் விலைக்கு வாங்கி விட்ட குஞ்சுதான். ஏரியைக் குத்தகைக்கு எடுத்தவரிடம் கோலுக்கு இவ்வளவு என்று பணம் கட்டித்தான் நண்பர்கள் கரையில் உட்காருகிறார்கள். இயற்கையோடு ஒன்றுகிறோம் என்னும் பேச்சுக்கு அங்கே அதிக இடமில்லை.

மே மாதக் கடைசியில் ஒரு சனிக்கிழமை. ஹொஸ்கோட்டே பக்கத்தில், கட்டடங்கள் இன்னும் முழுதாக வந்து சேராத ஓர் ஏரி. இரண்டு நாள் முன்பு முதல் மழை பெய்திருந்தது. மூவரும் போய்ச் சேர்ந்தபோது மணி ஐந்துகூட ஆகவில்லை. காற்றில்லை. கைவிளக்கு ஒளியில் நீர் பச்சைச் சாயம் கரைத்ததுபோல் தெரிந்தது. பின்னர் ஓசை கேட்டது. நூற்றுக்கணக்கான வாய்கள் சப்புக்கொட்டும் ஓசை.

மதுரைக்காரர் விளக்கை நீரை நோக்கித் திருப்பியதும் கட்லாக்கள் தெரிந்தன. கரையோரம் முழுவதும் மேற்பரப்பில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. ஒளி பட்டும் விலகவில்லை. எட்டு ஆண்டு ஏரி வாழ்வில் அவர் இத்தனை மீனை ஒருசேரப் பார்த்ததில்லை. கோலை அவிழ்க்கத் தொடங்கியவர், மாவு கொடுங்கள் என்று கையை நீட்டினார்.

“வேணாம்டா. அது தீனிக்கு வரலே. மூச்சுக்கு வந்திருக்கு” என்றார் அல்சூர்க்காரர்.

பாசி மிகுந்த ஏரியின் இரவு கொடியது. பகலில் ஒளிச்சேர்க்கையால் நீரில் உயிர்வளியைச் சேர்க்கும் அதே பாசி, இருட்டியபின் மீன்களோடும் கழிவைத் தின்னும் நுண்ணுயிர்களோடும் போட்டியிட்டு அதைச் செலவழிக்கும். விடியலுக்குச் சற்று முன்னே கையிருப்பு ஆகக் குறைந்த நிலைக்கு இறங்கும். லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் கரைந்த உயிர்வளி இருந்தால் கெண்டை நலமாயிருக்கும். 2க்குக் கீழே போனால் மேலே வந்து தவிக்கும். முந்தைய நாள் மேகமூட்டமாயிருந்து, முதல் மழை சாக்கடையையும் அடித்துக்கொண்டு வந்து சேர்த்திருந்தால் கேட்கவே வேண்டாம். தூண்டில்காரருக்கு மிக நல்ல வேளை என்று எல்லோரும் சொல்லும் அந்த ஒரு மணிநேரம்தான் இத்தகைய ஏரியில் மீனுக்கு மிகக் கெட்ட வேளை.

அல்சூர்க்காரருக்கு இது பாடப்புத்தகத்தில் படித்ததல்ல. 2016 மார்ச் 7ஆம் நாள் அல்சூர் ஏரியில் ஆயிரக்கணக்கான மீன்கள் செத்து மிதந்தன. அவர் சிறுவனாய்ப் பொரி எறிந்து கெண்டைகளைக் கூட்டிய படித்துறையில் அன்று மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார். முந்தைய நாள் காலையில் அவை வாய் திறந்து மேலே வந்திருந்ததை அவர் பார்த்திருந்தார். என்னவென்று அப்போது தெரியாது. மீன் பெருகிவிட்டது என்று வீட்டில் போய் மகிழ்ச்சியாகச் சொன்னார்.

அந்த ஏரியருகேதான் திருவள்ளுவர் சிலை இருக்கிறது. பதினெட்டு ஆண்டுக்காலம் மூடியே கிடந்து, 2009 ஆகஸ்ட் 9 அன்று திறக்கப்பட்ட சிலை. அதே வாரத்தில் சென்னையில் கன்னடக் கவி சர்வக்ஞர் சிலையும் திறக்கப்பட்டது. சூது அதிகாரத்தின் முதற்குறளில் வள்ளுவர் தூண்டிலைக் கொண்டுவருகிறார். சூதில் வெல்வது, தூண்டிலின் ‘பொன்னை’ மீன் விழுங்கியது போன்றது. அங்கே பொன் என்பதற்கு இரும்பு என்றே பரிமேலழகர் பொருள் கொள்கிறார். இரையால் மறைந்த இரும்பு. பழந்தமிழில் பொன் உலோகப் பொதுப்பெயராகவும் வழங்கியது என்பது மாணவர் அறிந்ததே. ஆயினும் அந்தச் சொல்லை அங்கே வைத்தவர், மீனின் கண்ணுக்கு அது எப்படித் தெரிந்திருக்கும் என்பதையும் நினைத்துத்தான் வைத்திருப்பார் என்று தோன்றுகிறது.

ஏரிக் காவலாளி விளக்கோடு வந்தார். அவருக்கு நிலைமை உடனே புரிந்துவிட்டது. “ராத்திரி மோட இத்து” என்று வானத்தைக் காட்டினார், இரவெல்லாம் மேகம். குத்தகைக்காரருக்கு ஆசிரியர் தொலைபேசினார். அவர் வந்துசேர அரைமணி ஆகும். அதற்குள் காவலாளி மதுரைக்காரரிடம் தணிந்த குரலில் ஒன்று சொன்னார். எப்படியும் சாகப்போகிற மீன், மும்முனை முள்ளை எறிந்து வெறுமனே இழுத்தாலே உடம்பில் மாட்டும், வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள்.

அது பொய்யான யோசனையல்ல. மதுரைக்காரரும் அதைத்தான் கேட்டார். “செத்து நாறப் போறத நாலு பேரு எடுத்துத் தின்னா என்னண்ணா தப்பு?” அல்சூர்க்காரரிடம் அதற்கு நல்ல மறுமொழி இல்லை. வெயில் வரும்வரை தாங்கிவிட்டால் பாதியாவது பிழைக்கும் என்றார். பிழைக்காவிட்டால்? அவர் தலைகுனிந்து கைலியை மடித்துக் கட்டினார். மும்முனை முள் பெட்டியிலிருந்து வெளியே வந்து, சற்று நேரம் மதுரைக்காரரின் உள்ளங்கையில் கிடந்து, மறுபடி பெட்டிக்குள் போனது.

குத்தகைக்காரர் பக்கத்துத் தோட்டத்து டீசல் எஞ்சினைக் கடனாகக் கேட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டே வந்தார். ஏரிநீரை இறைத்துக் கரையில் சாய்த்த ஒரு தகரத்தின்மேல் பாய்ச்சி, சிதறி மீண்டும் ஏரியிலேயே விழும்படி செய்தார்கள். சிதறும் நீர் காற்றைப் பிடித்துக்கொண்டு போகும். ஆசிரியரும் காவலாளியும் பரிசலில் ஏறி, துடுப்பால் நீரை அடித்துக்கொண்டே சுற்றிவந்தார்கள். மற்ற இருவரும் இடுப்பளவு நீரில் இறங்கிச் சிறுவர்களைப்போல் அளைந்தார்கள். பிசைந்து கொண்டுவந்த மாவை மீனுக்குத் தெம்பாகுமே என்று எறியப்போன காவலாளியை அல்சூர்க்காரர் அதட்டி நிறுத்தினார். தின்னாத மாவு அழுகும். அழுகுவதும் உயிர்வளியைத்தான் தின்னும்.

எட்டு மணிக்கு மேகம் விலகியது. தகரத்தைச் சுற்றி நெருக்கியடித்திருந்த கட்லாக்கள் ஒவ்வொன்றாகக் கீழிறங்கின. வடகரையில் இறங்காதவை வெண்ணிற வயிறு காட்டி ஒதுங்கியிருந்தன. அவற்றை எண்ணத் தொடங்கிய மதுரைக்காரர் இருநூறைத் தாண்டியதும் விட்டுவிட்டார். பெரும்பாலும் கட்லா, சில ரோகு. விராலோ ஆப்பிரிக்கக் கெளுத்தியோ ஒன்றுகூட இல்லை. அவை மேலே வந்து காற்றையே நேரடியாக மூச்சுவாங்கத் தெரிந்தவை. நகரத்துச் சாக்கடை சேரும் ஏரிகளில் காலப்போக்கில் எது மிஞ்சும் என்பதற்கு வேறு கணக்கெடுப்பு வேண்டியதில்லை.

ஒன்பது மணிக்குப் பனிக்கட்டிப் பெட்டிகளோடு ஒரு சிற்றுந்து வந்தது. வடகரை மீன்கள் அதில் ஏறின. கஞ்சூர் விலைக்காவது போகட்டும் என்று குத்தகைக்காரர் சொன்னார். கடனில் விட்ட குஞ்சுகள். எந்தச் சந்தைக்கு என்று மூவரில் ஒருவரும் கேட்கவில்லை. கோலுக்குக் கட்டிய பணத்தை அவர் திருப்பித் தர முன்வந்தார். அல்சூர்க்காரர் வாங்க மறுத்துவிட்டார். மதுரைக்காரர் வாங்கிக்கொண்டார், டீசலுக்கு என்று காவலாளியிடம் கொடுத்தார்.

திரும்பும் வழியில் தேநீர்க்கடையருகே கட்டியிருந்த மாட்டுக்குக் கேழ்வரகு மாவு முழுவதையும் கொடுத்தார்கள். சோம்பு மணத்தை முகர்ந்து பார்த்துவிட்டு அது நிதானமாகத் தின்றது. அடுத்த முறை எந்த ஏரிக்கு என்று ஆசிரியர் கேட்டார். காற்று அடிக்கிற ஏரியாகப் பார்க்கலாம் என்றார் அல்சூர்க்காரர்.